வைஃபை அலையை வைத்து நடமாட்டம் அறிய: எந்த அலைவரிசை, எந்தச் சேனல், எப்படிப் பிரிப்பது

அப்பாவுக்கு 78 வயது. தனியாக இருக்கிறார். ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்து பாத்ரூம் போவார். படுக்கையறை வாசலிலிருந்து பாத்ரூம் வரை நான்கு மீட்டர் நடை. எழுந்து போனாரா, போனவர் திரும்பி வந்து படுத்தாரா, இவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டும். கேமரா என்று வாயெடுத்ததுமே, "நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?" என்று கேட்டுவிட்டார். கேட்டது நியாயம்தான். பாத்ரூம் வாசலைப் பார்த்தபடி கேமரா மாட்டினால் எந்த வயதினருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

அப்படித்தான் வைஃபை அலைகளைக் கொண்டே ஆள் நடமாட்டத்தை அறியும் வேலைக்குள் வந்தேன். நான்கு இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ளடங்கிய சின்ன மின்னணுப் பலகை), ஒரு பழைய லேப்டாப், வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ரௌட்டர். போர்டு வாங்குவதும் அதில் புரோகிராம் ஏற்றுவதும் பெரிய காரியமில்லை, சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னைத் திணறடித்தது அலைவரிசைதான். எந்தச் சேனல் (அலைவரிசையின் எந்தத் துண்டு), எவ்வளவு அகலம், விநாடிக்கு எத்தனை பாக்கெட் (வைஃபையில் ஒரு தடவைக்கு அனுப்பும் தகவல் பொட்டலம்), எந்தப் போர்டு எப்போது பேசுவது? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அலை எப்படி ஆளைக் காட்டிக்கொடுக்கிறது

அலை அனுப்பும் கருவியிலிருந்து கேட்கும் போர்டுக்கு அலை ஒரே வழியில் வருவதில்லை. ஒரு பங்கு நேராக வரும். மிச்சம் சுவர், பீரோ, கிரில் கதவு என்று பட்டுத் தெறித்து வரும். எல்லாம் ஆன்டெனாவில் வந்து கூடும்போது சில ஒன்றுக்கொன்று வலுச்சேர்க்கும், சில ஒன்றையொன்று அழிக்கும். வீட்டில் எதுவும் அசையாத வரை அந்தக் கூட்டுத்தொகையும் அசையாது. ஆள் நடந்தால் அவர் உடம்பில் பட்டு வரும் பங்கின் தூரம் மாறும், கூட்டுத்தொகை ஏறி இறங்கும். நாம் பிடிக்க வேண்டியது அந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அலை ஆளிடம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால், அவர் 6 சென்டிமீட்டர் நகர்ந்தாலே ஒரு முழு ஏற்ற இறக்கம் வந்துவிடும். ஒரு காலடிக்குள் பல தடவை சிக்னல் ஆடும். விலை குறைந்த போர்டிலும் இது வேலை செய்வதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வைஃபை சேனல் என்பது ஒற்றை அலை இல்லை. 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்று, 312.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 64 துணை அலைகளாகப் பிரிந்திருக்கிறது. விளிம்பிலும் நடுவிலும் உள்ள சில தவிர மற்றவை ஒவ்வொன்றும் எவ்வளவு வலுவாக, அலையின் எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்று சிப் கணக்கிடுகிறது. பாக்கெட்டைப் பிரித்துப் படிக்கவே அதற்கு அந்தக் கணக்கு தேவை. அந்தக் கணக்கைத்தான் சிஎஸ்ஐ என்கிறார்கள், அதாவது சேனலின் நிலை பற்றிய தகவல். போனில் தெரியும் சிக்னல் கோடுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கிவிடும். சிஎஸ்ஐ ஐம்பதுக்கு மேற்பட்ட எண்களைக் கையில் தரும். ஓர் இடத்தில் ஒரு துணை அலை மங்கிப் போயிருந்தாலும் பக்கத்தில் இருப்பது ஆளைக் காட்டும்.

இது புது யோசனையும் இல்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜோயி வில்சனும் நீல் பட்வாரியும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 28 சிறு ரேடியோ கருவிகளைச் சதுரமாக நிறுத்தி, சிக்னல் வலிமை குறைவதை வைத்தே உள்ளே நிற்பவர் எங்கே என்று காட்டினார்கள். 2013-இல் எம்ஐடியில் ஃபதெல் அதிபும் தினா கதாபியும் வைஃபை அலைகளால் சுவருக்கு அப்பால் நடப்பவரைக் கண்டறிந்தார்கள். இதற்கென்றே, வைஃபைக்கான தரங்களை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு உருவாக்கிய 802.11பிஎஃப் தரம் 2025-இல் முடிவடைந்தது. இனி வரும் ரௌட்டர்களில் இந்த வசதி மெல்ல மெல்ல உள்ளேயே வரும். அதுவரை நாமாகத்தான் செய்துகொள்ள வேண்டும்.

முதல் படி: அனுமதி உள்ள அலைவரிசையா என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். 2019 அக்டோபரில் கூகுள் பிக்சல் 4 போனை அறிமுகம் செய்தது. கையசைவைக் கண்டறிய அதில் சோலி என்ற சின்ன ரேடார் இருந்தது, 60 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது. அந்த அலைவரிசை அப்போது இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்திருக்கவில்லை. போன் இங்கே விற்பனைக்கே வரவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி.

இந்தியாவில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை 2005 முதல் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். 5 கிகாஹெர்ட்ஸில் 5150–5350, 5470–5725, 5725–5875 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் 2018 அக்டோபரில் திறக்கப்பட்டன. 2.4-இல் அனுப்பும் கருவிக்கு 1 வாட், ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்தால் 4 வாட் என்பது உச்சவரம்பு. இஎஸ்பி32 போர்டின் சக்தி 0.1 வாட் அளவுதான், அதனால் வரம்பைப் பற்றிய பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறிடத்தில். அமெரிக்கக் கடைகளில் 915 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ போர்டுகள் கிடைக்கும். அங்கே 902–928 திறந்த அலைவரிசை. இங்கே அதில் ஒரு பகுதியில் மொபைல் போன் சேவை நடக்கிறது. அந்தப் போர்டை வாங்கி வீட்டில் ஓட்டாதீர்கள். இந்தியாவில் அதற்கு ஈடானது 865–868 மெகாஹெர்ட்ஸ். நீங்கள் இலங்கையில் இருந்தால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு, சிங்கப்பூரில் ஐஎம்டிஏ, மலேசியாவில் எம்சிஎம்சி வெளியிட்டுள்ள பட்டியலைப் பாருங்கள். செய்த கருவியை விற்கும் எண்ணம் இருந்தால் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் கருவி ஒப்புதலும் வேண்டும். அதற்கு சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

இரண்டாம் படி: வேலைக்கு ஏற்ற அலைவரிசை

அலைவரிசையின் இரண்டு குணங்களைப் பார்த்தால் போதும். ஒன்று, அதிர்வெண் ஏற ஏற அலைநீளம் குறையும். சின்ன அசைவும் தெரியும், ஆனால் சுவரைத் தாண்டும் வலு குறையும். இரண்டு, எவ்வளவு அகலமான பட்டையைப் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு நுணுக்கமாகத் தூரத்தைப் பிரித்தறியலாம். ஒளியின் வேகத்தைப் பட்டை அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த நுணுக்கம் கிடைக்கும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 7.5 மீட்டர். அதாவது வீட்டின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் அதனால் வேறுபாடு சொல்ல முடியாது. 24 கிகாஹெர்ட்ஸில் 250 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுக்கும் ரேடாருக்கு 60 சென்டிமீட்டர்.

ஆகவே கேள்வியை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். "இந்த வழியே யாரோ போனார்களா?" என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாராளமாகப் போதும், செங்கல் சுவரையும் தாண்டும். "நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா, எத்தனை மீட்டரில்?" என்றால் எல்டி2410 மாதிரியான 24 கிகாஹெர்ட்ஸ் சின்ன ரேடாரை அந்த அறையிலேயே வைப்பது நல்லது. வைஃபையால் தூரம் சொல்ல வைக்க முயன்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த உழைப்பு வீண். என் தேவை முதல் வகை, அதனால் இனி 2.4 பற்றியே பேசுகிறேன்.

மூன்றாம் படி: அக்கம்பக்கத்தைக் கேளுங்கள்

போனில் வைஃபை அலசும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு காலை, மதியம், இரவு எட்டு மணி என மூன்று வேளை பாருங்கள். எட்டு மணிக்குத்தான் அடுக்குமாடியின் முழுக் கூட்டமும் தெரியும்.

2.4-இல் சேனல்களின் மையங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு சேனலின் அகலமோ 20. ஒன்றையொன்று தொடாமல் நிற்பவை 1, 6, 11 (2412, 2437, 2462 மெகாஹெர்ட்ஸ்). புதியவர்கள் பெரும்பாலும் "3 காலியாக இருக்கிறதே" என்று அங்கே போய் உட்காருவார்கள். அது காலி இல்லை. சேனல் 1-இன் மேல்பாதியும் 6-இன் கீழ்க் கால்பங்கும் அதன்மேல் வழிகின்றன. அதே சேனலில் இருக்கும் பக்கத்து வீட்டு ரௌட்டர் நம் பாக்கெட்டைக் கேட்டு வழிவிடும். பாதி மேலே விழும் ரௌட்டருக்கு நம் பாக்கெட் புரியாது, அது வெறும் இரைச்சலாகப் பேசிக்கொண்டே இருக்கும். கூட்டமான 1, காலியாகத் தோன்றும் 3-ஐவிட மேல்.

சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அது 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இரைச்சல் கிளப்பும். சேனல் 1 அதிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. ஜிக்பீ பல்புகள் (அதே 2.4-இல் வேறொரு ரேடியோ முறையில் இயங்குபவை) வைத்திருப்பவர்கள் அவற்றை 25 அல்லது 26-ஆம் ஜிக்பீ சேனலுக்கு நகர்த்திவிடலாம். அவை வைஃபை 11-க்கும் மேலே, 2475, 2480 மெகாஹெர்ட்ஸில் இருப்பவை.

நான்காம் படி: சேனலை ஆணியடித்தாற்போல் நிறுத்துங்கள்

முதல் இரண்டு வாரம் ரௌட்டரிலிருந்து வரும் பாக்கெட்டுகளையே போர்டில் கேட்டு அளந்தேன். பகலெல்லாம் சரியாக ஓடும். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் ஆளில்லாத வழியில் "நடமாட்டம்" என்று போனில் செய்தி வரும். முதல் நாள் பதறிப்போய் அப்பாவை எழுப்பினேன். மூன்றாம் நாள்தான் பதிவைத் திறந்து நிதானமாகப் பார்த்தேன். 3:12 வரை துணை அலைகளின் ஐம்பத்து சொச்சம் கோடுகளும் அசையாமல் இருந்தன. அதற்குப் பிறகு அத்தனை கோடும் வேறு உயரத்தில், வேறு வடிவத்தில். ரௌட்டர் தானாகவே 6-இலிருந்து 11-க்கு மாறியிருந்தது.

இணையத்துக்கு இது நல்லது, கூட்டம் குறைந்த சேனலுக்குப் போய்விடுகிறது. நடமாட்டம் அறிவதற்கு இது விஷம். சேனல் மாறினால் துணை அலைகளின் அலைநீளம் மாறும், எது கூடும் எது அழியும் என்பதும் மாறும். பீரோ நின்ற இடத்திலேயே இருந்தாலும் போர்டின் கணக்கில் வீட்டையே இடித்துக் கட்டினாற்போல் ஆகிவிடுகிறது. அலை அசையாமல் நின்றால்தான் ஆள் அசைவது தெரியும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் சேனல் "ஆட்டோ" என்றிருக்கும். அதை எடுத்துவிட்டு எண்ணைக் கொடுங்கள். அகலம் "20/40" என்றிருந்தால் 20 மட்டும் என்று மாற்றுங்கள். 40 கொடுத்தால் துணை அலைகள் அதிகம் கிடைக்கும் என்ற ஆசை வரும். ஆனால் பக்கத்து வீட்டு சிக்னல் தெரிந்ததும் ரௌட்டர் 20-க்கு இறங்கும், பிறகு ஏறும், ஒவ்வொரு தடவையும் கோடுகள் குதிக்கும். 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைத்துக் கருவிகளை மாற்றிவிடும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் செய்கிறவர்கள் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களைத் தவிர்த்து, 36–48 அல்லது 149–161-இல் இருங்கள். நடுவிலுள்ளவற்றில் வானிலை ரேடார் போன்றவை தென்பட்டால் ரௌட்டர் சேனலைக் காலி செய்துவிட்டு ஓடும்.

ஐந்தாம் படி: யார் பேசுவது, யார் கேட்பது

நான்கு போர்டு இருந்தால் நான்குக்கும் ஆளுக்கொரு சேனல் கொடுக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் ஒன்று பேசுவது மற்றொன்றுக்குக் கேட்காது. போர்டில் இருப்பது ஒரே ரேடியோ, ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் அதனால் கேட்க முடியும். ஒரு குழுவுக்கு ஒரே சேனல் என்பதுதான் விதி. வீடு இரண்டு மாடி என்றால் கீழ்க்குழுவுக்கு 1, மேல்குழுவுக்கு 11 என்று பிரிக்கலாம்.

குழுவுக்குள் ஒன்று பேசட்டும், மூன்று கேட்கட்டும். பேசும் போர்டின் ஒரே பாக்கெட்டை மூன்றும் கேட்பதால் மூன்று பாதைகள் கிடைக்கும், காற்றில் நேரம் செலவாவதோ ஒரு பாக்கெட்டுக்குத்தான். நான்கும் பேசினால் செலவு நான்கு மடங்கு.

அந்தச் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பைட் பாக்கெட்டை 6.5 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் சுமார் 0.16 மில்லிவிநாடி ஆகும். விநாடிக்கு 100 பாக்கெட் என்றால் 16 மில்லிவிநாடி, சேனலின் நேரத்தில் இரண்டு சதவீதத்துக்கும் கீழே. அதே பாக்கெட்டைப் பழைய 1 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் பத்து சதவீதம் போய்விடும். ரௌட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும் இஎஸ்பி-நவ் முறையில் போர்டுகள் பேசிக்கொள்ளும்போது இயல்பாக இருப்பது அந்த 1 மெகாபிட்தான். நேரம் வீணாவதோடு முடிவதில்லை. அந்தப் பழைய வகைப் பாக்கெட்டில் துணை அலைகளே கிடையாது, அதனால் சிஎஸ்ஐயும் வராது. "போர்டு கெட்டுப்போச்சு" என்று தூக்கிப் போடுவதற்கு முன் வேகத்தை மாற்றிப் பாருங்கள்.

கேட்கும் போர்டுகள் முடிவை எப்படி அனுப்பும் என்பதும் சேனலைத் தீர்மானிக்கும். யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்புக்கு அனுப்பினால் எந்தச் சேனலும் உங்கள் இஷ்டம். ரௌட்டர் வழியாக அனுப்ப வேண்டுமானால் ரௌட்டர் இருக்கும் சேனலிலேயே உணர்தலும் நடக்க வேண்டும். கேபிளில் அனுப்புகிறவர்கள் கவனிக்க: ஒரு சிஎஸ்ஐ வரி எழுத்தாக ஏறத்தாழ 500 பைட் வரும். விநாடிக்கு நூறு வரி என்றால் 50,000 பைட். 115200 வேகத்தில் வைத்த கேபிள் விநாடிக்கு 11,500 பைட்தான் தாங்கும். ஐந்தில் நான்கு வரி காணாமல் போகும், பழி சேனல்மேல் விழும். 921600 வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டுகளைத் தரையிலோ பரண்மீதோ வைக்காதீர்கள், இடுப்பு உயரம் நல்லது. நான்கு மீட்டர் பாதையில் அலை அதிகம் உணரும் பகுதி நடுவில் சுமார் 35 சென்டிமீட்டர் ஆரமுள்ள நீள்வட்டம். ஆள் நடக்கும் வழி அதற்குள் வரும்படி இரு போர்டுகளை எதிரெதிரே நிறுத்துங்கள். சிக்னல் மங்கலாக இருந்தால் போர்டை மூன்று நான்கு சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

ஆறாம் படி: விநாடிக்கு எத்தனை பாக்கெட், கூடவே சீலிங் ஃபேன்

ஒரு மீட்டர் வேகத்தில் நடப்பவர் 2.4 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்கு அதிகபட்சம் 16 ஏற்ற இறக்கம் உண்டாக்குவார். அதைப் பிடிக்க அதன் இரு மடங்குக்கு மேல், அதாவது 33 பாக்கெட்டாவது வேண்டும். விழுபவர் மூன்று மீட்டர் வேகம் எடுத்தால் 49 ஏற்ற இறக்கம், அதற்கு 100 பாக்கெட். நான் 100-இல் நின்றுவிட்டேன்.

முதலில் சிக்கனமாக 20 வைத்திருந்தேன். ஃபேன் ஓடும்போதெல்லாம் வீட்டில் யாரோ மெதுவாக உலாவுவதாகக் காட்டியது. ஃபேனை நிறுத்தினால் உலாவுபவர் மறைந்துவிடுவார். காரணம் இதுதான். மூன்று இறக்கை ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால், ஓர் இடத்தை விநாடிக்கு 17.5 தடவை இறக்கை கடக்கிறது. விநாடிக்கு 20 தடவை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அந்த 17.5 சரியாகத் தெரியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 2.5 ஆகத்தான் தெரியும். அது ஆள் மெல்ல நடக்கும் கணக்கோடு அச்சாகப் பொருந்திப் போகிறது.

100 பாக்கெட் அனுப்பியதும், விநாடிக்கு எத்தனை ஏற்ற இறக்கம் என்று காட்டும் வரைபடத்தில் 17.5-இல் ஊசி மாதிரி ஒரு கோடு எழுந்து நின்றது. ரெகுலேட்டரைக் குறைத்தால் ஊசி இடப்பக்கம் நகரும், மின்னழுத்தம் இறங்கினாலும் கொஞ்சம் நகரும். ஃபேனின் கோடு மெல்லியது, மணிக்கணக்கில் நிற்பது. ஆளின் தடம் அகலமானது, சில விநாடி வந்து போவது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் ஃபேனைக் கழித்துவிடலாம். நம் ஊர் வீடுகளில் ஃபேனை நிறுத்தச் சொல்லி யாரையும் தூங்க வைக்க முடியாது. அதனால் இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள்.

ஏழாம் படி: வெறும் வீட்டின் அளவு

வீட்டில் யாரும் இல்லாதபோது ஃபேன் ஓடும் நிலையில் பத்து நிமிடம், நிறுத்தி ஒரு பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். போர்டு தன் உள்பெருக்கத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும். அதில் ஏமாறாமல் இருக்க ஒவ்வொரு பாக்கெட்டின் எண்களையும் அந்தப் பாக்கெட்டின் சராசரியால் வகுத்துவிடுங்கள். ஒரு விநாடிக்குள் எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்து, வெறும் வீட்டின் சிதறலைப்போல் நான்கு மடங்கை எல்லையாக வையுங்கள். பிறகு நடந்து பாருங்கள். சாதாரணமாக, கைத்தடியோடு, சுவரைப் பிடித்தபடி. அப்பா நடக்கும் வேகத்தில் நடக்க வேண்டும், உங்கள் வேகத்தில் அல்ல.

அலை சுவரோடு நிற்காது. பக்கத்து வீட்டுக்காரர் தன் அறையில் நடப்பதும் உங்கள் வரைபடத்தில் தெரியலாம். தெரிந்தால் எல்லையை உயர்த்துங்கள், போர்டை அந்தச் சுவரிலிருந்து விலக்குங்கள், அந்தப் பதிவை அழித்துவிடுங்கள். வீட்டில் இருப்பவரிடமும் இது என்ன, எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று உட்கார்ந்து சொல்லுங்கள். அப்பாவிடம் வரைபடத்தைக் காட்டியபோது, "இதுல நான் எங்கடா இருக்கேன்?" என்று கேட்டார். அலை எழும்பிய இடத்தைத் தொட்டுக் காட்டினேன். சம்மதித்தார். விழுந்தவருக்கு உதவி கூப்பிட இதை மட்டும் நம்பவும் கூடாது. அவர் கழுத்தில் ஒரு பட்டனும், பக்கத்து வீட்டில் ஒரு சாவியும் இருக்கின்றன.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ரௌட்டருக்கு மேலே ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்: சேனல் 1, அகலம் 20, ஆட்டோ வேண்டாம், மாற்றினால் போன் பண்ணவும், கீழே உங்கள் எண். இணைப்பைப் பழுது பார்க்க வருபவர் முதலில் செய்வது எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்புவதுதான். போன மாதம் அப்படி ஒருவர் வந்தபோது அந்தத் தாளைப் பார்த்துவிட்டு எனக்கு அழைத்தார். அவர் கிளம்பியதும் வெறும் வீட்டின் அளவை மறுபடி எடுப்பதற்காக அப்பாவை இருபது நிமிடம் மொட்டை மாடிக்கு அனுப்பினேன்.